மருந்து தொடங்கிய பின் கண் மங்கினால் குற்றம் மருந்தினுடையதா?

02.03.2024, காலை. வந்த கேள்வி

"அக்கா, என் அண்ணனுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது சென்ற நவம்பரில்தான் தெரியவந்தது. அப்போது நோயை எதிர்க்கும் சி.டி.4 கலங்களின் எண்ணிக்கை 31. டிசம்பரில் எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை தொடங்கினார்கள். உடம்பு நன்றாகத் தேறிவிட்டது, ஏழு கிலோ கூடியிருக்கிறார். ஆனால் மாத்திரை தொடங்கி ஒன்பதாவது வாரத்தில் இடது கண் மங்கிவிட்டது. புகைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல இருக்கிறது, கறுப்புத் துகள்கள் மிதக்கின்றன என்கிறார். மருந்து தொடங்கும் முன் கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை. எனவே இந்த மருந்துதான் கண்ணைக் கெடுத்தது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பார்க்கலாமா?" கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி.

02.03.2024, மதியம்

நிறுத்த வேண்டாம். இன்றிரவு மாத்திரையையும் வழக்கமான நேரத்திலேயே அண்ணன் விழுங்கட்டும். இன்றே கண் வைத்தியரிடம் போக முடிந்தால் இன்றே போங்கள். முடியாவிட்டால் திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் போங்கள். இடையில் கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலோ, திரை இறங்குவதுபோல ஒரு பக்கம் மறைந்தாலோ திங்கள்வரை காத்திருக்கக் கூடாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் காரணத்துக்கு வருகிறேன்.

நான் கொழும்பில் ஓர் அரசாங்க வைத்தியசாலையின் கண் பிரிவில் 28 ஆண்டுகள் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். வைத்தியர் அல்லள். ஆனால் கண்மணியை விரிக்கும் துளிமருந்தை எத்தனையோ ஆயிரம் கண்களில் இட்டு, அது வேலை செய்யும்வரை அவர்களின் பக்கத்தில் இருந்து பேசிக் கேட்டவள். தம்பி எழுதியதைப் போன்ற கதையை நான் முதன்முறையாகக் கேட்கவில்லை.

நம்மில் பெரும்பாலோரின் உடம்பில் சைட்டோமெகலோ வைரஸ் என்ற ஒன்று சிறு வயதிலேயே நுழைந்து, ஒரு தொந்தரவும் தராமல் உறங்கிக்கொண்டிருக்கிறது. அதை உறக்கத்தில் வைத்திருப்பது நமது நோயெதிர்ப்புச் சக்தியாகிய நிர்ப்பீடனம். சுகதேகியான ஒருவரின் குருதியில் ஒரு கன மில்லிமீற்றருக்கு 500க்கு மேல் இருக்க வேண்டிய சி.டி.4 கலங்கள் 50க்கும் கீழே போகும்போது அந்த வைரஸ் விழித்தெழுகிறது. அது குடியேற மிகவும் விரும்பும் இடங்களில் ஒன்று விழித்திரை. அங்கே அது கலம் கலமாக அழித்துக்கொண்டு போகும். தோல் கீறினால் ஆறும், எலும்பு முறிந்தால் கூடும். செத்த விழித்திரை திரும்ப முளைப்பதில்லை. ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துகள் வருவதற்கு முந்திய காலத்தில், எயிட்ஸ் நிலையை அடைந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பேருக்கு இந்த விழித்திரை அழற்சி வந்தது. 1996இல் கூட்டு மருந்துகள் பரவத் தொடங்கிய பிறகு, அவை தாராளமாகக் கிடைத்த நாடுகளில் இந்நோய் புதிதாக வருவது ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் குறைந்துபோயிற்று. எந்தக் கண் மருந்தும் செய்யாததை, கண்ணுக்காகச் செய்யப்படாத ஒரு மாத்திரை செய்தது. என் வேலைக்காலத்தின் நடுவில் இந்த மாற்றம் நடந்ததால் அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது தம்பியின் கேள்வி. இந்த வைரஸ் விழித்திரையைத் தின்னும்போது பெரும்பாலும் கண் சிவப்பதில்லை, வலிப்பதில்லை, அதிகம் புகைவதுமில்லை, ஏனென்றால் எதிர்த்துப் போரிட அங்கே ஆள் இல்லை. அழற்சி என்பதே உடம்பு போரிடுவதன் அடையாளம். ஏ.ஆர்.டி. தொடங்கிச் சில வாரங்களில் ஆள் திரும்பி வருகிறது. வந்ததும் விழித்திரையில் கிடக்கும் வைரசின் மிச்சங்களைக் கண்டு போர் தொடங்குகிறது. அந்தப் போரின் புகையைத்தான் அண்ணன் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். இதற்கு நிர்ப்பீடன மீட்சி அழற்சி என்று பெயர். நினைக்கிறேன் என்றுதான் எழுதுகிறேன்; கண்ணுக்குள் பார்த்தவர்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

02.03.2024, இரவு

மதியம் எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்றைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டது தெரிந்தது. "மருந்து தொடங்கும் முன் கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை" என்று தம்பி எழுதியிருக்கிறார். குறை இருக்கவில்லையா, குறை தெரியவில்லையா? நவம்பரிலோ டிசம்பரிலோ யாராவது துளிமருந்து இட்டு, கண்மணியை விரித்து, விழித்திரையின் ஓரம்வரை பார்த்தார்களா?

இதை வற்புறுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. விழித்திரையின் ஓரத்தில் தொடங்கும் நோயை நோயாளி பெரும்பாலும் உணர்வதில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று மூடி மறைத்துவிடும். வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டிக்கு எதிரே நின்று ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, நடுவிலுள்ள திகதி ஒன்றையே பார்த்துக்கொண்டு, நான்கு மூலையும் தெரிகின்றனவா என்று கவனிக்க வேண்டும், பிறகு மற்றக் கண்ணுக்கும் அப்படியே. மூலை ஒன்று காணாமற்போனால் அது செய்தி. மூலைகள் எல்லாம் தெரிந்தாலும் கண் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. இந்தச் சோதனை துளிமருந்துக்கு மாற்று ஆகாது.

05.03.2024

மருதானையில் வசிக்கும் வாசகர் ஒருவர், "அந்தக் காலத்திலும் கண்ணுக்கு மருந்து இருந்ததே, நீங்கள் ஏ.ஆர்.டி.யை அளவுக்கு மீறிப் புகழ்கிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார். இருந்தது என்பது உண்மை. கன்சிக்ளோவிர் அமெரிக்காவில் 1989இலும் பொஸ்கார்னெட் 1991இலும் அங்கீகரிக்கப்பட்டன. ஆனால் அவை எப்படி இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

1994இல் செட்டியார் தெருப் பட்டறை ஒன்றிலிருந்து ஒரு பொற்கொல்லர் வந்தார். வயது 34. தனியாகத்தான் வந்தார். வழக்கமாக எல்லோரும் "கண் மங்குது" என்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. சங்கிலிக் கண்ணியைப் பொடிவைத்து ஊதும்போது கண்ணியின் இடது பாதி மட்டும் இல்லாமற் போகிறது, தலையைக் கொஞ்சம் திருப்பினால் திரும்ப வந்துவிடுகிறது என்றார். தன் பார்வையில் எந்த இடம் அழிந்திருக்கிறது என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொன்ன வேறொரு நோயாளியை நான் கண்டதில்லை. வைத்தியர் பார்த்து முடித்ததும் என்னையும் அழைத்துக் காட்டினார். குருதிக் குழாய்களின் வழியே வெண்மையான திட்டுகள், அவற்றின் மேல் சிவப்புச் சிதறல்கள். தயிர்ச்சோற்றில் மாதுளை முத்துகள் சிந்திக் கிடப்பதுபோல இருந்தது. அதன் பிறகு பல ஆண்டுகளுக்குத் தயிர்ச்சோற்றைப் பார்த்தால் எனக்கு அந்தக் கண்தான் நினைவுக்கு வரும்.

கன்சிக்ளோவிர் மருந்தை இலண்டனிலிருந்து அவருடைய மூத்த சகோதரி அனுப்பினார். நாளுக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணித்தியாலம், நாளத்தின் வழியே ஏற்ற வேண்டும். இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு நாளுக்கு ஒரு தடவை. எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்டார். உயிருள்ளவரை என்பதுதான் விடை. அந்த மருந்து வெண்குருதிக் கலங்களைக் குறைத்துவிடும், மற்றையதாகிய பொஸ்கார்னெட் சிறுநீரகத்தைத் தாக்கும். இவ்வளவும் செய்தால்கூட நோயின் விளிம்பு இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் நகரத் தொடங்கும், ஏனென்றால் மருந்து வைரசைப் பிடித்து வைத்திருந்ததே தவிர, நிர்ப்பீடனம் என்ற காவல்காரனைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. மருந்து இரண்டு தடவை தீர்ந்துபோய்ப் பார்சல் வரும்வரை நாங்கள் காத்திருந்தோம். முதலில் இடது கண் போயிற்று. வலது கண்ணில் விழித்திரை கழன்றது. அழிந்த இடங்கள் பழைய சீலைபோல மெலிந்து ஓட்டை விழுவதால் அப்படிக் கழல்வது இந்நோயில் சாதாரணமாக நடப்பதுதான்.

கடைசியாக அவரைக் கண்ட நாளில் மகளின் அறுந்த சங்கிலி ஒன்றை மனைவி கொண்டுவந்திருந்தார். அவர் அதை வாங்கி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஓடவிட்டு, எந்த இடத்தில் கண்ணி வாய் திறந்திருக்கிறது என்று காட்டினார்; பிறகு நகத்தால் அழுத்தி அதை மூடிக் கொடுத்தார். 1995இல் இறந்துபோனார். நோய் கண்டுபிடிக்கப்பட்டுப் பதினொரு மாதங்கள். அந்தக் காலத்தில் விழித்திரையில் இந்நோய் வந்தவர்கள் பெரும்பாலும் ஓராண்டளவே வாழ்ந்தார்கள். கண்ணைக் காப்பாற்றுவது என்றால் சாகும்வரை கண் தெரியச் செய்வது என்றுதான் பொருள்.

மறு ஆண்டு, 1996 யூலையில், வன்கூவரில் நடந்த எயிட்ஸ் மாநாட்டில் கூட்டு மருந்துகளின் பலன் உலகத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. நம் நாட்டில் அரசாங்கம் அவற்றை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004இல். அவருக்கு ஒன்பது ஆண்டுகள் போதாமல் போய்விட்டன. மருதானை ஐயா, நான் புகழ்வது அளவுக்கு மீறியதாக உங்களுக்குத் தோன்றலாம். இந்த அளவைத்தான் நான் பார்த்தேன்.

06.03.2024

இரண்டு பேர் ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள்: அழும்போது கண்ணீர் பட்டால் தொற்றுமா? கண்ணீரில் எச்.ஐ.வி. வைரசை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள்; ஆனால் கண்ணீர் வழியாக ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றியதாக அறியப்பட்ட நிகழ்வு ஒன்றும் இல்லை. அழுகிறவரின் கண்ணீரைத் துடைத்துவிடுங்கள்.

09.03.2024

தம்பியிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. திங்கட்கிழமை அண்ணனைக் கூட்டிப் போயிருக்கிறார். இடது கண்ணின் மேல் ஓரத்தில் பழைய விழித்திரை அழற்சியின் தழும்பும், அதன் ஒரு விளிம்பில் இன்னும் உயிர்ப்பாக இருக்கக்கூடிய வெண்மையும், கண்ணின் நடுவை நிரப்பும் தெளிந்த கூழாகிய கண்ணாடியுடனீரில் அழற்சிக் கலங்களின் புகையும் இருக்கின்றனவாம். வலது கண்ணில் ஒன்றுமில்லை. அதாவது டிசம்பரில் முதல் மாத்திரையை விழுங்கிய நாளில் நோய் ஏற்கனவே கண்ணுக்குள் இருந்திருக்கிறது. வைரசுக்கு வல்கன்சிக்ளோவிர் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஏ.ஆர்.டி.யை நிறுத்தக் கூடாது என்று வைத்தியரும் சொல்லியிருக்கிறார்.

வல்கன்சிக்ளோவிர் என்பது பொற்கொல்லருக்கு நாளத்தில் ஏற்றிய அதே மருந்து, வாயால் விழுங்கக்கூடிய உருவில். அது 2001இல் வந்தது. அண்ணன் அதை உணவோடு விழுங்கட்டும், குருதிப் பரிசோதனைக்குச் சொன்ன நாளில் தவறாமல் போகட்டும், வெண்குருதிக் கலங்கள் குறைவது இதிலும் உண்டு. ஆனால் அவரிடம் ஒன்றை மகிழ்ச்சியோடு சொல்லலாம். "உயிருள்ளவரை" என்ற சொல் இப்போது இல்லை. சி.டி.4 எண்ணிக்கை 100க்கு மேல் ஏறி, மூன்று முதல் ஆறு மாதங்கள் அங்கேயே நின்று, கண்ணிலும் நோய் அடங்கியிருந்தால், வைத்தியர் அந்த மருந்தை நிறுத்திவிடுவார். திரும்பி வந்த காவல்காரனே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்வான். 1994இல் இதை யாராவது சொல்லியிருந்தால் எங்கள் வாட்டில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஒரு திருத்தமும் செய்ய வேண்டும். "ஆள் திரும்பி வருகிறது" என்று நான் எழுதியதைப் படித்த ஒருவர், அப்படியானால் இது நல்ல அறிகுறிதானே, தானாகவே ஆறிவிடும்தானே என்று கேட்டிருக்கிறார். அந்தப் பொருளைத் தரும்படி எழுதியது என் பிழை. போர் நியாயமானதுதான், ஆனால் அது நடப்பது விழித்திரையின் நடுவில் கூர்மையான பார்வையைத் தரும், ஒரு கடலை அளவேயுள்ள மஞ்சள் புள்ளிக்குப் பக்கத்தில். அழற்சி நீடித்தால் மஞ்சள் புள்ளியில் நீர் கோர்த்து வீங்கும். அதன் மேல் மெல்லிய சவ்வு படர்ந்து விழித்திரையைச் சுருக்கும். கண்வில்லையில் புரை விழும். வைரஸ் தொடாமல் விட்ட பார்வையை இந்த வீக்கம் பறித்துவிடக்கூடும். ஆகவே வைரசைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, தேவையானால் ஸ்டீரோயிட் மருந்தைத் துளியாகவோ கண்ணின் பக்கத்தில் ஊசியாகவோ கொடுத்து, அழற்சியைத் தணிப்பார்கள். எந்த அளவு, எப்போது என்பதெல்லாம் பார்க்கும் வைத்தியரின் தீர்மானம். வீட்டிலிருக்கும் பழைய ஸ்டீரோயிட் துளிமருந்தை எடுத்துத் தாமாக விட்டுக்கொள்ளும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள்.

இந்த மீட்சி அழற்சியை வைத்தியர்கள் தனியொரு நோயாக விவரித்து எழுதியதே 1998 அளவில்தான். அதற்கு முன்பு அதைக் காண முடியாது, ஏனென்றால் மீட்சி இருக்கவில்லை. முன்பு கண்ணை அழித்தது நிர்ப்பீடனம் இல்லாமை. இப்போது அதே கண்ணில் சிலருக்குத் தொல்லை தருவது நிர்ப்பீடனம் திரும்பியமை. விழித்திரையில் நோய் பிடித்த பரப்பு எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு இந்த அழற்சி வரும் வாய்ப்பும் அதிகம். அண்ணனுக்குப் பரப்புச் சிறியதுதான் என்று தம்பி எழுதியிருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

10.03.2024, அதிகாலை

நேற்று எழுதிய பிறகு உறக்கம் வரவில்லை. "குறை தெரியவில்லையா, இருக்கவில்லையா" என்று தம்பியிடம் கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்ட விதத்தை எழுதாமல் விடுவது சரியல்ல.

2007இல் ஒரு பெண் வந்தார். ஏ.ஆர்.டி. தொடங்கும் முன் கண்ணைப் பார்த்து அனுப்பும்படி கடிதம் கொண்டுவந்திருந்தார். பின்னேரம் ஆகிவிட்டது. பார்வைப் பலகையில் கடைசி வரிவரை இரண்டு கண்ணாலும் வாசித்தார். துளிமருந்து இட்டால் கண்மணி விரிய அரை மணித்தியாலம் செல்லும். அதன் பிறகு கண் கூசும், எழுத்துத் தெரியாது, தனியாக வந்திருக்கிறேன், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், வீட்டில் பிள்ளை காத்திருக்கிறது என்றார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி, பதிவில் "முறைப்பாடு இல்லை" என்று எழுதிவைத்தேன். துளி இடாமல் உள்ளே பார்த்த இளம் வைத்தியருக்கு நடுப்பகுதி மட்டும்தான் தெரிந்திருக்கும்; அது சுத்தமாகவே இருந்தது.

அவர் அந்த இன்னொரு நாளில் வரவில்லை. ஏழு வாரம் கழித்து வலது கண்ணில் விழித்திரை கழன்ற நிலையில் வந்தார். ஓரத்தில் நோய் முன்பே இருந்திருக்கிறது. சத்திரசிகிச்சை செய்து, கண்ணுக்குள் சிலிக்கன் எண்ணெய் நிரப்பி விழித்திரையை ஒட்டவைத்தார்கள். கை அசைவது தெரியும் அளவு பார்வைதான் மிஞ்சியது. இடது கண் தப்பியது. அவர் இன்றும் நலமாக இருக்கிறார், பிள்ளை பல்கலைக்கழகம் போய்விட்டது. என்மேல் அவர் ஒருபோதும் கோபப்பட்டதில்லை, அன்றைக்கு என்ன நடந்தது என்பதே அவருக்குத் தெரியாது. இரண்டு துளிகள். இரக்கத்தினால் செய்தேன் என்பது உண்மை, அதனால் அந்தக் கண்ணுக்குப் பயன் ஒன்றுமில்லை என்பதும் உண்மை.

அதன் பிறகு சி.டி.4 எண்ணிக்கை 50க்குக் கீழே என்று கடிதத்தில் கண்டால், மாலை ஆறு மணியானாலும் துளி இட்டுத்தான் அனுப்பினேன். ஆட்டோவுக்குக் காசு கொடுத்தும் அனுப்பியிருக்கிறேன்.

14.03.2024

என் முதற்குறிப்பைப் படித்தவர்கள் எச்.ஐ.வி. உள்ளவரின் கண்ணில் வருவது ஒரே நோய்தான், அதுவும் 50க்குக் கீழேதான் வரும் என்று விளங்கிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. 50 என்பது சைட்டோமெகலோ வைரசுக்குரிய வாசற்படி. எல்லா நோயும் அந்தப் படியில் நின்று காத்திருப்பதில்லை.

பாலுறவால் தொற்றும் சிபிலிஸ் எந்த எண்ணிக்கையிலும் கண்ணுக்குள் வரும். 700 இருந்தாலும் வரும். அது கண்ணின் எந்தப் பகுதியையும் தாக்கும், வேறு எந்தக் கண்நோயின் வேடத்தையும் போடும். கண்ணில் வந்தால் மூளைக்குள் வந்ததற்குச் சமமாக எடுத்துக்கொண்டு, 10 முதல் 14 நாட்கள் நாளத்தின் வழியே பெனிசிலின் ஏற்றுவார்கள். நல்ல செய்தி என்னவென்றால் நேரத்தோடு ஏற்றினால் பார்வை திரும்புவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். மாத்திரை ஒழுங்காக விழுங்குகிறேன், வைரஸ் அளவிட முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, ஆகவே கண்ணுக்கு ஒன்றும் வராது என்று இருந்த ஒருவருக்கு இது வந்தது. ஏ.ஆர்.டி. எச்.ஐ.வி.யைத்தான் அடக்குகிறது, சிபிலிசை அல்ல.

அக்கி கண்ணுக்கு மேலும் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கொப்பளங்களாக வருவதை முதியவர்களிடம் சாதாரணமாகக் காணலாம். முப்பது வயதுக்காரருக்கு அப்படி வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளும்படி சொல்வது வழக்கம். டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, காசநோய், கிரிப்டோகொக்கஸ் என்ற பூஞ்சையின் மூளைக்காய்ச்சலினால் பார்வை நரம்பு வீங்குவது எல்லாம் உண்டு. ஒவ்வொன்றையும் விரித்தால் கேள்வியை விட்டு விலகிவிடுவேன்.

ஆனால் "மருந்து கண்ணைக் கெடுக்குமா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று நான் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கெடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் எதம்பியூட்டோல் பார்வை நரம்பைப் பாதிக்கலாம், எச்.ஐ.வி. உள்ள பலருக்குக் காசநோயும் இருப்பதால் இரண்டு மருந்தும் ஒன்றாக ஓடும், பழி வேறு மாத்திரையில் விழும். சிவப்பும் பச்சையும் முன்போலப் பளிச்சென்று தெரியவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும், நேரத்தோடு நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். இன்னொரு காசநோய் மருந்தாகிய ரிபாபியூட்டின் கண்ணில் அழற்சியை உண்டாக்கலாம். பழைய எச்.ஐ.வி. மருந்தாகிய டிடனோசீன் விழித்திரையின் ஓரத்தைப் பாதித்ததுண்டு; இன்று நாளுக்கு ஒன்றாக விழுங்கும் கூட்டு மாத்திரையில் அது இல்லை. அண்ணன் எதம்பியூட்டோல் எடுக்கிறாரா என்று தம்பியிடம் முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்டேன், இல்லையாம்.

15.03.2024

கர்ப்பிணிச் சகோதரி ஒருவரின் கேள்விக்குச் சுருக்கமாக: தாய் முறையாக ஏ.ஆர்.டி. எடுத்தால் பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு மிக மிகச் சிறியது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றுபடுத்தியது. உங்கள் பிள்ளையின் கண் உங்கள் கிளினிக் நாட்களில் இருக்கிறது, ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

17.03.2024

"அப்படியானால் பழைய கண்நோய் ஒழிந்துவிட்டது, நேரத்துக்கு வருகிறவர்கள் கண்ணைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை" என்று ஒருவர் முடித்துவைத்திருக்கிறார். நானும் ஓய்வு பெறும்போது கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தேன். இரண்டு காரணங்களுக்காக இப்போது அப்படி நினைப்பதில்லை.

ஒன்று, நேரத்துக்கு வராதவர்கள். எண்ணிக்கை எதுவானாலும் உடனே மருந்து தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்துவிட்டது. கொழும்பு 10இல் டி சேரம் பிளேசிலுள்ள மத்திய கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். லிப்டன் சுற்றுவட்டத்தில் சிவப்புக் கோடு போட்ட பழைய கண் ஆஸ்பத்திரிக் கட்டடம் அங்கிருந்து நடந்து போகும் தூரம். தூரம் தடையல்ல, காசு தடையல்ல. அண்ணனைப் போல 31இல் வந்து சேருகிறவர்களைத் தாமதிக்கச் செய்வது வெட்கமும், யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற அச்சமும், சில இடங்களில் அவர்களை நாங்கள் நடத்திய விதமும்தான். நான் சில காலம் வேலை செய்த ஓரிடத்தில் இவர்களுடைய கோவையின் மூலையில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்கள்; எத்தனை மணிக்கு வந்தாலும் வரிசையின் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். கருவியைக் கடைசியில் கழுவலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் கழுவ வேண்டிய கருவி அது. அந்தப் புள்ளியின் பொருளை நோயாளிகள் இரண்டாம் தடவையிலேயே புரிந்துகொண்டார்கள். சிலர் மூன்றாம் தடவை வரவில்லை.

மற்றது, வயது. பொற்கொல்லருக்கு 35. இப்போது அவரைப் போன்றவர்கள் 60ஐயும் 70ஐயும் காண்கிறார்கள். எயிட்ஸ் நிலையைக் கடந்து மீண்டவர்களை அமெரிக்காவில் 1998 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர்கள், முதுமையில் வரும் மஞ்சள் புள்ளித் தேய்வின் இடைநிலை அதே வயதில் எச்.ஐ.வி. இல்லாதவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாக இவர்களிடம் இருந்ததைக் கண்டார்கள். புரையும் முந்தி வருகிறது. இன்னொன்றும் உண்டு: விழித்திரையில் ஒரு தொற்றும் வராதவர்களிலும் நரம்பிழைகள் சிலருக்கு மெலிந்துபோகின்றன. பலகையில் கடைசி வரிவரை வாசிப்பார்கள். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் சாம்பல் நிறப் படியைச் சாம்பல் நிறத் தரையிலிருந்து பிரித்துக் காண முடியாமல் தடுக்கி விழுவார்கள். இப்படிச் சொன்ன ஒருவருக்கு "உங்கள் பார்வை 6/6, ஒன்றுமில்லை" என்று நானே பதில் சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னது சரி. எங்கள் பலகைதான் அதை அளக்கவில்லை. வெள்ளையில் கறுப்பு எழுத்தை அளக்கும் பலகை சாம்பலில் சாம்பலை எப்படி அளக்கும்?

இதைச் சொல்வதால் மருந்தின் பெருமை குறையாது. முன்பு ஓராண்டு வாழ்ந்தவருக்கு மஞ்சள் புள்ளி தேய அவகாசமே கிடைக்கவில்லை.

24.03.2024

தம்பி நேற்று எழுதினார். மூன்று வாரத்தில் வெண்மையான விளிம்பு மங்கித் தழும்பாகத் தொடங்கியிருக்கிறது. மஞ்சள் புள்ளியில் சிறிது வீக்கம் இருந்ததால் கண்ணின் பக்கத்தில் ஓர் ஊசி போட்டிருக்கிறார்கள். புகை குறைந்திருக்கிறது, துகள்கள் இன்னும் மிதக்கின்றன. சி.டி.4 இப்போது 118. வலது கண்ணை மூடிக்கொண்டு, காலி வீதியில் வரும் 100ஆம் இலக்க பஸ்ஸின் இலக்கத்தை இடது கண்ணால் வாசித்தாராம். போகும் இடத்தின் பெயரை வாசிக்க முடியவில்லையாம். வீட்டில் அம்மா இப்போது ஒவ்வோர் இரவும் மாத்திரையையும் தண்ணீரையும் தானே எடுத்து வைக்கிறாராம்.

118 என்று கண்டதும் வல்கன்சிக்ளோவிரை நிறுத்தலாமா என்று தம்பி கேட்கிறார். இன்னும் இல்லை. 100ஐத் தாண்டியது போதாது, அங்கே மூன்று மாதமாவது நிற்க வேண்டும், நிறுத்தும் நாளை வைத்தியர்தான் சொல்வார். வலது கண் நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை விட்டுவிடாமல், ஒவ்வொரு தடவையும் இரண்டு கண்ணுக்கும் துளி இடும்படி கேளுங்கள். அடுத்த கிளினிக் நாளுக்கு அண்ணனைத் தனியாக அனுப்ப வேண்டாம். தம்பி கூடப் போகட்டும், ஒரு கறுப்புக் கண்ணாடியும் கொண்டு போகட்டும். துளி இட்டால் பின்னேரம்வரை வெயில் கூசும்.